உள்ளங்கைப் பிசின்

வாசலில் வந்து நின்ற பெண் செருப்பைக் கழற்றினாள். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மீண்டும் கழற்றினாள்.

"அத்தான், ஒரு கேஸ் வாசல்ல நிக்குது. உள்ள வரலாமா, திரும்பிப் போயிடலாமான்னு அதுக்கே தெரியலை," என்றார் டிராயிங் மாஸ்டர்.

"கதவைத் திறந்து வை, மாப்ளே. அப்புறம் அது தானா வரும்," என்றார் சர்வேயர்.

சர்வேயருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே தொழில். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து பார்த்து, உண்மையில் என்ன நடந்தது என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது. ஓய்வு பெற்ற பிறகு ஜனங்கள் வேறு நொறுங்கல்களையும் அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். டிராயிங் மாஸ்டர் அவர் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கையில் எந்நேரமும் ஒரு பென்சில் இருக்கும். வாயில் எந்நேரமும் ஒரு முடிவு இருக்கும். அந்த முடிவு பெரும்பாலும் தப்பாக இருக்கும்.

வந்தவள் நர்ஸ். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"வீட்டு விஷயத்தை வெளியில வந்து சொல்றதே உடம்பு கூசுது சார்."

"சொல்லுங்கம்மா. இந்தச் சுவரைத் தாண்டிப் போகாது."

"நானும் சுவர்தான்," என்றார் டிராயிங் மாஸ்டர்.

அவள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவளுடைய அப்பாவுக்கு நினைவு மங்கிப்போய் வெகுகாலம் ஆயிற்று. இந்த ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர். அப்பாவைக் குளிப்பாட்டி, உடுத்திவிட, பகலெல்லாம் கூட இருக்க ஓர் ஆயாம்மா உண்டு. போன வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. துணி எடுக்க மாடிக்குப் போன ஆயாம்மா கீழே வந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. தெருவெல்லாம் தேடியும் ஆள் இல்லை. சாயங்காலம், வெகுதூரத்தில் இருக்கும் ஒரு பஸ் நிலையத்திலிருந்து போலீஸ்காரர் ஒருவர் போன் செய்தார். பெரியவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"தெரு முனை வரைக்கும் நடக்கவே அவரால முடியாது சார். ஆயாம்மாதான் வேலை வேண்டாம்னு நினைச்சு அவரை யார்கிட்டயோ ஒப்படைச்சு பஸ் ஏத்திட்டாங்கன்னு அண்ணன் புகார் குடுத்துட்டான். ஸ்டேஷனுக்கு அவங்களை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. நானும் எழுதிக் குடுத்தா கேஸ் கெட்டியாயிடும்னு சொல்றான்."

"ஏன் எழுதிக் குடுக்கலை?"

"கை வரலை." கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அப்பா சட்டைக் காலருக்கு உள்ளே வீட்டு போன் நம்பரை நூலால தைச்சு வச்சிருக்காங்க. போலீஸ்காரர் அதைப் பார்த்துத்தான் போன் பண்ணினார். தைச்சது ஆயாம்மா. எங்க யாருக்குமே அது தெரியாது சார்."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கவனமாகக் கேட்கத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அந்த பஸ் நிலையத்துக்கு முதல்ல போய்ச் சேர்ந்தது யாரு?"

"நான்தான். எங்க ஊர்லேருந்து கிட்ட. அண்ணன் அப்புறமா மாடி வீட்டுக்காரரோட வேன்ல வந்தான். அவனோட கார் ஓடாது. அந்த வேன்லயேதான் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம்."

"நீங்க போனப்ப அப்பா எப்படி இருந்தார்? நோயாளியைப் பார்க்கிற மாதிரி நினைச்சுச் சொல்லுங்க."

அப்படிக் கேட்டதும் அவள் குரல் தெளிந்தது. "நாடி சரியா இருந்துச்சு. பயம் இல்லை. காலில் ஒட்டுப் பட்டை வச்ச ஷூ. அடியில ஒரு பொட்டு சேறு கிடையாது. நான் அனுப்பின புது சால்வையைப் போர்த்தியிருந்தார், கத்தரிப்பூ நிறக் கம்பளி. அதுக்கு முந்தின நாள்தான் பார்சல் வீட்டுக்குப் போயிருக்கு. பக்கத்துல தண்ணி பாட்டில், பிஸ்கட் பாக்கெட். பாக்கெட்டை முனையில கிழிச்சு வச்சிருந்துச்சு. பாட்டில் மூடியை லேசாத் திருகி விட்டிருந்துச்சு. அப்பா விரலுக்கு மூடி திறக்க வராது."

"கை?"

"உள்ளங்கை ரெண்டும் கறுப்பு. பிசுபிசுன்னு. சோப்பு போட்டுத் தேய்ச்சேன், அசையலை. பையில ஸ்பிரிட் பஞ்சு இருந்துச்சு. அதை வச்சுத் துடைச்சதும் வந்துடுச்சு. வேன்ல வர்ற வழியெல்லாம் அவர் ஒரே பேச்சுதான். 'பலாப்பழம் உரிச்சது யாரு? கைக்கு எண்ணெய் குடுங்க.' இந்தப் பருவத்துல பலாப்பழம் ஏது சார்?"

"பாவம், பிதற்றல்," என்றார் டிராயிங் மாஸ்டர்.

"எழுதிக் குடுக்காதீங்கம்மா," என்றார் சர்வேயர். "நாளைக்குக் காலையில உங்க அண்ணன் வீட்டுக்கு வர்றோம். ஆயாம்மாவையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் அவர்கள் போனபோது, வீட்டு வாசலில் மாடி வீட்டுக்காரர் தன் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கை முழுக்கக் கறுப்பு. டிராயிங் மாஸ்டர் சர்வேயரின் விலாவில் இடித்தார்.

"அத்தான்! கை!"

சர்வேயர் அந்த மனிதரிடம் நலம் விசாரித்தார். வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, முன்பலகையையும் கதவையும் தடவிப் பார்த்தார். எல்லாம் வறண்ட, கெட்டியான பிளாஸ்டிக். இதற்குள் மாடி வீட்டுக்காரர் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். கை வெளுத்திருந்தது.

"அது கிரீஸ், மாப்ளே. சோப்புக்குப் போயிடும்," என்றார் சர்வேயர் மெதுவாக. டிராயிங் மாஸ்டர் நோட்டில் வரைந்திருந்த வேனின் மேல் ஒரு கோடு அடித்தார்.

ஹெட்மாஸ்டர் மரியாதையாக வரவேற்றார். தேய்த்த சட்டை, வாரிய தலை, ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரிக்கும் குரல். ஆனால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய தோளைப் பார்த்தே பேசினார். வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் உறை போட்ட கார் ஒன்று நின்றது.

"தொழில் புத்தி சார், வண்டியைப் பார்த்தா சும்மா தாண்டிப் போக முடியலை. உள்ளே பார்க்கலாமா?" என்றார் சர்வேயர்.

"அதுல என்ன இருக்கு பார்க்க? பழசு. ஓடறதே இல்லை." அவர் தயங்கினார். "உள்ளே எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. யாரையும் ஏத்தறதுக்கே வெக்கமா இருக்கு."

"வாங்கும்போது எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று நர்ஸின் அண்ணி, ஹெட்மாஸ்டரின் மனைவி, வந்து சேர்ந்துகொண்டாள். "தொட்டா வெல்வெட் மாதிரி! இப்போ தொட்டா விடமாட்டேங்குது. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போன பட்டுப்புடவையில கறுப்புத் தீற்றல். பவுடர் போட்டா சரியாகும்னு யாரோ சொன்னாங்கன்னு போட்டோம். ரெண்டே நாள்ல சாம்பல் பூசின மாதிரி ஆயிடுச்சு. அதோட விட்டாச்சு."

"பெரியவர் கடைசியா எப்போ இதுல ஏறினார்?"

"போன வருஷம்," என்றார் ஹெட்மாஸ்டர் உடனே. "கை ஒட்டுதுன்னு கத்துவார். அதனால ஆஸ்பத்திரிக்குக்கூட டாக்சிதான்."

கதவைத் திறந்ததும் வெக்கையும் ரப்பர் கருகிய வாடையும் முகத்தில் அடித்தன. சர்வேயர் ஸ்டியரிங் பக்கத்துப் பலகையில் விரல் வைத்தார். விரல் ஒட்டி, சின்னச் சத்தத்தோடு பிரிந்தது. நுனியில் கறுப்பு. அந்தப் பக்கத்துப் பவுடர் சாம்பல் நிறமாக, திட்டுத் திட்டாகக் கிடந்தது. பிறகு அவர் மறுபக்கம் போய், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தார். கதவின் உள்கைப்பிடி மட்டும் கெட்டியாக, பளபளவென்று, விரலில் ஒட்டாமல் இருந்தது. அந்த இருக்கைக்கு எதிரே, முன்பலகையில் இருந்த சாமான் பெட்டியின் மூடியில் பவுடர் வெள்ளைவெளேரென்று படிந்திருந்தது. சர்வேயர் குனிந்து, மூச்சை அடக்கி, மெல்ல ஊதினார். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சமீபத்துல எதையாவது துடைச்சீங்களா சார்?"

"இல்லையே," என்றார் ஹெட்மாஸ்டர்.

நர்ஸும் வந்து சேர, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியவர் சோபாவின் ஓரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். ஆயாம்மா உட்காரவில்லை. வாசல்படிக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றாள். அவள் எங்கே நிற்பது என்று அந்த வீட்டில் யாருக்கும் இப்போது தெரியவில்லை.

"நான் சுத்தி வளைக்கலை," என்றார் சர்வேயர். "மழை நாள்ல இந்தத் தெரு வழியா நடந்து போனவர் காலில் சேறு இல்லாம இருக்காது. அதனால அவர் நடந்து போகலை. வாசல்லயே ஒரு வண்டியில ஏறியிருக்கார். பஸ் நிலையத்துலயும் நடக்க விடாம, பெஞ்சு பக்கத்துலயே இறக்கி விட்டிருக்காங்க. விட்டுட்டுப் போன ஆளுக்குக் கல் நெஞ்சு கிடையாது. மூடியைத் திருகி வச்சிருக்கு, பிஸ்கட்டைக் கிழிச்சு வச்சிருக்கு. இவரோட விரல் எப்படின்னு அந்த ஆளுக்குத் தெரியும். ஆனா சட்டைக் காலர்ல நம்பர் இருக்கிறது தெரியாது."

"அப்படின்னா?" என்றாள் அண்ணி.

"கூட உட்கார்ந்து சாப்பிடற ஆள். ஆனா சட்டை மாட்டி விடற ஆள் இல்லை."

ஆயாம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்தது கை. எல்லாரும் பிதற்றல்னு நினைச்சீங்க. இந்த விஷயத்துல உண்மையை மட்டும் பேசினவர் இவர் ஒருத்தர்தான். பலாப்பழம் உரிச்சா கை எப்படி இருக்கும்? சோப்புக்குப் போகாத பிசின் ஒட்டியிருக்கும், எண்ணெய் தேடுவோம். இவருக்குப் பேர் மறந்து போச்சு. கைக்கு ஞாபகம் இருக்கு. அந்தப் பிசின் எதுன்னு எனக்குத் தெரியும். சில கார்கள்ல கெட்டி பிளாஸ்டிக் மேல, தொட்டா மெத்துன்னு இருக்கணும்னு ரப்பர் மாதிரி ஒரு மெல்லிய பூச்சு குடுப்பாங்க. வருஷம் போகப்போக வெயிலும் ஈரமும் கை எண்ணெயும் பட்டு அது இளகிப் பிசினாயிடும். பவுடர் போட்டா மறைக்கலாம், தீராது. தின்னர் போட்டா பிளாஸ்டிக்கையே தின்னுடும். ஸ்பிரிட்டைத் துணியில தொட்டுப் பொறுமையாத் துடைச்சா, பூச்சு மொத்தமா வந்துடும். கீழே கெட்டி பிளாஸ்டிக் பளபளன்னு நிக்கும்."

அவர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கார்ல ஒரே ஒரு கைப்பிடி மட்டும் அப்படி நிக்குது சார். துடைக்கலைன்னு சொன்னீங்க. அதுக்கு எதிர்ல இருக்கிற மூடியில பவுடர் வெள்ளையா இருக்கு. உங்க வீட்டம்மா போட்ட பவுடர் சாம்பலாயிடுச்சு. இது புதுசு. அதை ஊதினேன். அடியில, பிசின்ல புதைஞ்சு, கத்தரிப்பூ நிறக் கம்பளி இழை. பெரியவர் ஒரு கையால கதவைப் பிடிச்சிருக்கார், இன்னொரு கையால முன்னாடி ஊனியிருக்கார். அந்தக் கையிலதான் சால்வை நுனி. இந்தச் சால்வை இந்த வீட்டுக்கு வந்தது புதன்கிழமை. போன வருஷம் ஏறினவர் புதன்கிழமை வந்த சால்வையோட எப்படி ஏறியிருக்க முடியும்?"

"ஓடாத கார்னு சொன்னீங்களே..." என்று அண்ணி கணவனின் பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஸ்கூலுக்குன்னுதானே அன்னிக்குக் கிளம்பினீங்க?"

ஹெட்மாஸ்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. அதில் அந்த முழு உச்சரிப்பு இல்லை.

"முதியோர் இல்லத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். விசாரிச்சு வச்ச நல்ல இடம். ஆண்டு விழா அன்னிக்கு இவர் பனியனோட மேடை ஏறி வந்து நின்னார். பசங்க எல்லாம் சிரிச்சாங்க. அன்னிக்கே மனசுல முடிவு பண்ணிட்டேன். யாருக்கும் சொல்லாம சேர்த்துட்டு, அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்னு... ஆயாம்மா மாடிக்குப் போனதும் மழைச் சத்தத்துல காரை எடுத்தேன், கொட்டகைக் கதவைச் சாத்திட்டுப் போனேன். அந்த இல்லத்து வாசல்ல நம்ம ஸ்கூல்ல படிச்ச பையன் வேலை பார்க்கிறான். 'சார், வாங்க சார், அப்பாவா சார்?' அப்படின்னான். எனக்கு உயிரே போயிடுச்சு. 'சும்மா பார்க்க வந்தோம்'னு சொல்லித் திருப்பிட்டேன்."

"திருப்பினா வீட்டுக்கு வரவேண்டியதுதானே அண்ணா?" என்றாள் நர்ஸ்.

"வந்துட்டுத்தான் இருந்தேன். வழியில அந்த பஸ் நிலையம். தெரியாத ஊர், தெரியாத ஜனம். யாராவது பார்த்து நல்ல இடத்துல சேர்த்துடுவாங்க, நம்ம பேர் வெளியில வராதுன்னு... புத்தி அப்படிப் போச்சு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தேன். நிஜமாவே வந்தேன். அதுக்குள்ள போலீஸ்காரர் காலரைத் திருப்பிப் படிச்சுட்டு இருந்தார். காரை விட்டு இறங்க தைரியம் வரலை. வீட்டுக்கு வந்து மூடியில பவுடரைத் தூவி மறைச்சேன், அந்தக் கைப்பிடியை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். அஞ்சு விரலும் அச்சு மாதிரி பதிஞ்சிருந்துச்சு. துடைக்கத் துடைக்க வந்துட்டே இருந்துச்சு."

"அப்புறம் பழியை எம்மேல போட்டீங்க," என்றாள் ஆயாம்மா.

அவள் குரல் உயரவில்லை.

நர்ஸ் எழுந்து நின்றாள். "இவனை மட்டும் சொல்லாதீங்க," என்றாள் சர்வேயரிடம், அவர் எதுவும் சொல்லாதபோதே. "கொஞ்ச நாள் அப்பாவை நீ வச்சுக்கோன்னு எத்தனையோ தடவை கேட்டான். ஷிப்ட்டு, ஹாஸ்டல் ரூம்னு சாக்கு சொன்னேன். சால்வை அனுப்பினேன். ஊரார் அப்பாவுக்கெல்லாம் மலஜலம் எடுக்கிறேன். சொந்த அப்பாவுக்குப் பார்சல் அனுப்பறேன்." சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிராயிங் மாஸ்டர் பென்சிலைச் சட்டைப் பையில் சொருகினார். அவரிடம் அன்று ஒரு முடிவும் இல்லை.

"புகாரை இன்னிக்கே வாபஸ் வாங்கிடறேன்," என்றார் ஹெட்மாஸ்டர் ஆயாம்மாவிடம். "ஸ்டேஷன்ல நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். மன்னிச்சுடுங்க."

"ஸ்டேஷன்ல சொன்னா போதாது சார். போலீஸ் வந்து நின்னது என் வீட்டு வாசல்ல. தெருவே கூடிப் பார்த்துச்சு. எம்மருமக மூணு நாளா என் கையால குடுத்த சோறு இறங்கலைன்னு சொல்றா. அங்க வந்து சொல்லுங்க. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

ஹெட்மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். சர்வேயரைப் பார்த்தார். "என் வேலை என்ன நடந்ததுன்னு சொல்றது வரைக்கும்தான் சார்," என்றார் சர்வேயர்.

நடந்தே போனார்கள். ஆயாம்மா முன்னால், ஹெட்மாஸ்டர் பின்னால். குறுகலான தெரு, வீட்டுக்கு வீடு ஒட்டிய சுவர்கள், ஜன்னலில் துணி காய்ந்தது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அவருடைய பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். "ஹெட்மாஸ்டர் சார்!" என்று ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். அவர் ஆயாம்மாவின் வீட்டு வாசலில் நின்று திரும்பினார். தினமும் ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் மைக் இல்லாமல் பேசுகிறவர். முதல் தடவை பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா, சார்," என்றாள் ஆயாம்மா.

"எங்கப்பாவை பஸ் நிலையத்துல விட்டுட்டு வந்தது நான்," என்றார் அவர். "இந்தம்மா இல்லை. இவங்க மேல பழி போட்டதும் நான்தான்."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் மூடவில்லை. பிறகு யாரோ ஒரு கிழவர், "அட, பெத்த அப்பனையா?" என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் அந்தக் கேள்விக்கும் "ஆமாங்க" என்று பதில் சொன்னார். ஆயாம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக்கு வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, அவர் வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. தெருவில் பிள்ளைகள் அவரைப் பார்த்து விளையாட்டை நிறுத்தினார்கள், வணக்கம் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் தன் வீட்டுக் கூடத்துக்குள் வந்தும், எங்கே போவது என்று தெரியாதவரைப் போல நடுவில் நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

பெரியவர் ஜன்னலை விட்டுத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது.

"என்ன தம்பி, வழி தவறிட்டீங்களா?"

ஹெட்மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஆமாங்க," என்றார்.

"பயப்படாதீங்க." பெரியவர் சிரமப்பட்டு நகர்ந்து, சோபாவில் தன் பக்கத்தில் இடம் விட்டார். "உட்காருங்க. என் பையன் இப்போ வந்துடுவான். ரொம்ப நல்லவன். உங்களையும் வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்றேன்."